இனிஷியல் மட்டும் வேறு

சாப்பிட்ட கையோடு இந்த நாற்காலியில் வந்து உட்காரக் கூடாது என்று தினமும் நினைக்கிறேன், தினமும் வந்து உட்காருகிறேன், வேறே எங்கே போய் உட்கார. மணி இரண்டேகால். கண்ணை ஒரு நிமிஷம் மூடினால் இமைக்குள்ளேயும் கட்டம் கட்டமாக ஓடுகிறது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, ஊர், போன் நம்பர், பதிவான தேதி. திறந்தால் அதே கட்டங்கள், கொஞ்சம் வெளிச்சமாக. நானூற்றுப் பன்னிரண்டு வரிசை. எல்லாரும் கிட்னி போனவர்கள். எங்கள் அறக்கட்டளை இலவசமாக டயாலிசிஸ் செய்கிறது, அதற்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் இது. ஆன்லைனில் இருக்கிறது, சென்னையில் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களும் பார்க்கலாம், புதுக்கோட்டையில் மாடி அறையில் நானும் பார்க்கலாம். யார் முதலில் பதிந்தார்களோ அவர்கள் மேலே. அந்தத் தேதியை நாம் கையால் போட முடியாது, ஒரு வரிசையைப் புதிதாகச் சேர்த்த நிமிஷமே அது தானாக விழுந்துவிடும். இப்போது புது யூனிட் திறக்கிறார்கள், எட்டுப் பேருக்கு இடம், மேலே இருக்கிற எட்டுப் பேரை நாளைக் காலையில் போனில் கூப்பிட வேண்டும். அதற்குள் பட்டியலைச் சுத்தம் பண்ணிவிடுங்கள் என்று மேனேஜர் இருதயராஜ் சார் சொல்லிவிட்டார். சுத்தம் என்றால் ஒரே ஆள் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை எடுத்துவிடுவது. ஐந்தரைக்குப் பட்டியலைப் பூட்டியாக வேண்டும். பூட்டுவதும் நான்தான், ஒரு பொத்தான், அதை அமுக்கிவிட்டால் அப்புறம் நானே நினைத்தாலும் தொட முடியாது. ஊர் வாரியாக அடுக்கிப் பார்த்துக்கொண்டு வருகிறேன், நூற்றுத்தொண்ணூறு வரைக்கும் வந்துவிட்டேன். சாம்பாரில் இன்றைக்கு உப்புப் போட்டேனா என்பதே ஞாபகமில்லை, சாப்பிடும்போதும் தெரியவில்லை, அப்படி ஒரு சாப்பாடு.

நம் ஜனங்கள் பந்தியிலேயே பக்கத்து இலைக்குத் துண்டு போட்டு வைக்கிறவர்கள், உயிர் விஷயத்தில் விடுவார்களா. ஆலங்குடியில் கேம்ப் என்றால் அங்கே ஒரு தடவை பதிவது, கந்தர்வகோட்டையில் கேம்ப் என்றால் அங்கே ஒரு தடவை பதிவது. நான் குறை சொல்லவில்லை, நானாக இருந்தால் மூன்று இடத்தில் பதிந்திருப்பேன். முத்துலெட்சுமி, முத்துலட்சுமி, முத்துலக்ஷ்மி, மூன்றும் ஒரே முத்துலெட்சுமி. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, மூன்று பேரையும் மூன்று பாயில் படுக்க வைத்திருக்கிறது. ஆம்பிளைகளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம், அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் ஒரே இனிஷியல். பொம்பளைகள்தான் சிரமம். நானே இரண்டு பேர். ஆதாரில் அ. தையல்நாயகி, அப்பா அருணாசலம். ரேஷன் கார்டில் வே. தையல்நாயகி, வேலாயுதத்தோடு பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணினதற்கு மிச்சம். ஆள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, எழுத்துப் போகவில்லை. மாற்றப் போனேன் ஒரு தடவை. கவுண்டரில் இருந்தவர் "வீட்டுக்காரர் இறந்துட்டாரா, டைவர்ஸா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, சொல்லாமல் போய்விட்டார் என்றேன். அதற்கு இதில் கட்டம் இல்லையேம்மா என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார் பாவம். அதை யோசித்துக்கொண்டு காலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, ஊர் ஒன்று, இனிஷியல் மட்டும் வேறு என்றால் அது ஒரே பொம்பளை. ஒன்று அப்பா எழுத்து, இன்னொன்று புருஷன் எழுத்து. சாரிடம் போய்ச் சொன்னேன். "இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க நாயகிம்மா. ஆம்பிளைக்கு எங்க தோணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை மத்தியானம் வரைக்கும் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருத்தர் புத்திசாலி என்று சொன்னால் இவ்வளவு சந்தோஷமா, வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு வரிசையில் பழையதை வைத்துக்கொள்வேன், அப்போதுதான் அவர்கள் இடம் மேலே இருக்கும். புதியதில் இருக்கிற போன் நம்பரைப் பழையதில் ஏற்றுவேன், ஏனென்றால் வருஷத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள். பிறகு புதியதை அழித்துவிடுவேன். அழிக்கவா என்று கேட்கும், ஆமாம் என்பேன், நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்கும். முதல் பத்துத் தடவை அந்தக் கேள்வியை நின்று படித்தேன். இப்போது விரல் தானாகப் போய்விடுகிறது, கேள்வி திரையில் வந்ததா என்றே தெரிவதில்லை. கால் மரத்துப்போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். குழி விழுந்து உடனே ஏறாமல் நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், கிட்னிக்கு முதல் அடையாளம், கேம்பில் டாக்டர் சொல்லும்போது காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அமுக்குகிறேன். குழி விழுகிறது. ஏறுகிறது. ஏற எவ்வளவு நேரம் ஆனது, ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் எண்ணினேனா, அல்லது எண்ணாமலேயே மூன்று என்று நினைத்துக்கொண்டேனா. உட்கார்ந்தே இருப்பதால் வீங்கும் என்று மெடிக்கல் ஷாப்காரர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும். எனக்கு வந்தால் நானே என் பெயரை இதில் ஏற்ற வேண்டும், எந்த எழுத்தோடு ஏற்றுவேன், நானூற்றுச் சொச்சத்தில் போய் நிற்பேன். சீ, என்ன நினைப்பு இது பகலில்.

மூன்று மணி சுமாருக்கு அழகுநாச்சி வந்தாள். ரெ. அழகுநாச்சி, பிறந்த தேதி ஒன்று ஆறு எழுபத்திரண்டு, நெடுங்கரைப்பட்டி, மேலே எட்டாவதாக நின்றாள். மா. அழகுநாச்சி, அதே ஒன்று ஆறு எழுபத்திரண்டு, அதே நெடுங்கரைப்பட்டி, கீழே முப்பத்தொன்றில் நின்றாள். போன் நம்பர் வேறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தேன், எல்லாம் ஒத்துவந்தது, என் விதிக்காகவே பிறந்து வந்த மாதிரி. நம்பரை மேலே ஏற்றினேன், கீழே இருந்ததை அழித்தேன், ஆமாம், நிச்சயமாக. நாலு நாள் கழித்து யாராவது கேட்டால் இந்த நிமிஷம் ஞாபகத்திலேயே இருந்திருக்காது. கீழே தெருவில் எவனோ பழைய இரும்புக்கு ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனான், இரண்டு தெரு தாண்டுகிற வரைக்கும் காதில் விழுந்தது. அடுத்தது ஆரோக்கியமேரி. அதற்கடுத்தது ஒரு ஆம்பிளை.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. "அக்கா, நெடுங்கரைப்பட்டியிலேர்ந்து அடைக்கலம் பேசுறேன். எங்கம்மா நம்பர் எதுல நிக்கிதுன்னு கேக்கலாமான்னு." இந்த மாதிரி தினமும் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், நம்பர் நகர்ந்திருக்காது, நகரவில்லை என்று சொல்வதற்கும் ஒரு குரல் வேண்டுமே என்றுதான் என்னை வைத்திருக்கிறார்கள். அவன் பேசிய நம்பரையே தேடும் கட்டத்தில் போட்டேன், எட்டாவது வரிசை எழும்பி வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் தூக்கம் தெளிந்துவிட்டது. எட்டு தம்பி, எட்டாவது, நாளைக்குக் காலையில் உங்களைக் கூப்பிடுவார்கள் என்றேன். "எட்டா? போன மாசம் முப்பத்தொண்ணுன்னு சொன்னீகளேக்கா." ஆமாம் தம்பி, டூப்ளிகேட் எல்லாம் எடுத்தோம், அதனால் மேலே வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன், ஏதோ நானே தோளில் தூக்கி மேலே வைத்த மாதிரி. அந்தப் பக்கம் அவன் போனை விலக்கிக்கொண்டு "அம்மா, எட்டாம்மா! நாளைக்காம்மா!" என்று கத்தினான், குரல் உடைந்துபோயிற்று, வளர்ந்த ஆம்பிளை அழுகிற சத்தம் போனில் கேட்டால் எங்கே பார்ப்பது என்றே தெரிவதில்லை, நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம், போன வாரம் வரும் வழியிலேயே அம்மா மயங்கிவிட்டதாம், இனி பஸ்ஸில் ஏற்றாதே என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். எல்லாம் சரியாகிவிடும் தம்பி என்றேன். அதோடு வைத்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். சரிபார்த்துவிடுவோம் என்று, ரெ. அழகுநாச்சி, ஒன்று ஆறு எழுபத்திரண்டு, நெடுங்கரைப்பட்டி, சரிதானே என்று படித்தேன்.

"ரெ இல்லக்கா, மா. எழுத்து தப்பா ஏறியிருக்கு, மாத்திருங்க. நாளைக்கு ஆதாரைப் பாத்துட்டு உள்ள விடமாட்டேன்டா என்ன பண்றது." மா உங்கள் அப்பா பெயரா, ரெ தாத்தா பெயரா என்று கேட்டேன். "அப்பா மாரிமுத்து. தாத்தா மாணிக்கம். ரெண்டும் மா தான்க்கா." அப்படியானால் ரெ என்பது யார் என்று கேட்டேன். "அது கீழத்தெரு அத்தையா இருக்கும்க்கா, ரெங்கன் மாமா பொண்டாட்டி. அவுகளுக்கும் கிட்னிதான். அவுக தை மாசமே தவறிட்டாகளே. எங்க ஊர்ல அழகுநாச்சியம்மன் கோயிலு, வீட்டுக்கு ஒரு அழகுநாச்சி இருக்கும்." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எழுத்தை மட்டும் மாற்றிவிடச் சொல்லி இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினான், நல்லா இருப்பீகக்கா என்றான், வைத்துவிட்டான்.

ஜூன் ஒன்று. எனக்குத் தெரியாதா. எனக்கே பிறந்த நாள் ஜூன் ஒன்றுதான். அம்மாவைக் கேட்டால் கார்த்திகை அடைமழையில் பிறந்தாய் என்பாள், ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு ஹெட்மாஸ்டர் என் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார், தொட்டேன், அஞ்சு முடிஞ்சிருச்சு என்று ஜூன் ஒன்றைப் போட்டு எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்று. நெடுங்கரைப்பட்டியிலும் ஒரு ஹெட்மாஸ்டர் இருந்திருப்பார், அந்த வருஷம் இரண்டு அழகுநாச்சிகள் கையை வளைத்துக் காதைத் தொட்டிருப்பார்கள், இரண்டு பேருக்கும் அவர் ஒரே நாளில் பிறப்புக் கொடுத்திருப்பார். இதெல்லாம் தெரிந்த ஒருத்தியை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும், அந்த ஒருத்தியாகவும் நான்தான் இருந்தேன், அப்படியும் கோட்டை விட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் விதிப்படி இன்னும் பத்துப் பேரைச் சேர்த்திருக்கிறேன், ஒவ்வொருத்தரையும் ஓடி ஓடிப் பார்த்தேன், அவற்றில் எல்லாம் இரண்டு வரிசையிலும் போன் நம்பர் ஒன்றுதான், அவை ஒரே ஆள்கள்தான். இது ஒன்றில்தான் நம்பர் வேறு. வேறாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு சிம் மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன்.

அழித்ததைத் திரும்ப எடுக்கலாம், குப்பைத் தொட்டி மாதிரி ஒன்று இருக்கிறது, எடுத்தேன் என்றால் மா. அழகுநாச்சி திரும்ப வருவாள், ஆனால் இன்றைய தேதியோடு வருவாள், கடைசி ஆளாக. முதலில் பரீட்சைக்காக வேறொரு டூப்ளிகேட்டை எடுத்துப் பார்த்தேன், முந்நூற்று எழுபத்துமூன்றில் போய் உட்கார்ந்தது, திரும்ப அழித்துவிட்டேன். அவளுக்கு நியாயமான இடம் முப்பது. செத்தவளை எடுத்துவிட்டால் முப்பத்தொன்று முப்பதாகும், அவ்வளவுதான் அவளுக்கு வரவேண்டிய நகர்வு. இப்போது இருக்கிற இடம் எட்டு. நான் எடுத்துக் கொடுத்தால் கிடைக்கிற இடம் முந்நூற்று எழுபத்துமூன்று. என் கையில் இருப்பது இந்த இரண்டுதான், முப்பது என் கையில் இல்லை. எட்டிலேயே விட்டால் என்ன. எழுத்தை மட்டும் ரெ-யிலிருந்து மா ஆக்கிவிட்டால் நாளைக்கு அடைக்கலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவான், பஸ் மயக்கம் இல்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது. செத்தவள் சொல்லப்போவதில்லை. ஒன்பதில் யார் என்று பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஜெகபர் சாதிக், அன்னவாசல், வயது முப்பத்துநாலு. ரெங்கன் பெண்டாட்டி பதிந்த பதினோரு நாள் கழித்துப் பதிந்திருக்கிறார். ஒரு நாள்கூட போன் பண்ணிக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் குறிப்பு இருக்கும். அடைக்கலத்தின் அழுகை என் காதில் இருக்கிறது, இந்த ஆளுடையது எதுவும் என்னிடம் இல்லை, ஆறு கட்டம்தான் இருக்கிறது. ஒருவேளை அவரும் தவறிப்போயிருப்பாரோ. அப்படி இருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நான் அப்படிப்பட்டவள் இல்லை. கேட்டுவிடலாம் என்று அந்த நம்பரைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். ஜெகபர் சாதிக் இருக்கிறாரா என்றேன். "இருக்காக, படுத்திருக்காக. எங்கேர்ந்து பேசுறீங்க?" என்றாள். நம்பர் சரியா என்று பார்த்தேன்மா, வேறொன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாலரைக்கு சாரின் அறைக்குப் போனேன். அவர் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் இல்லை, என் அப்பா இறந்தபோது மயானம் வரைக்கும் வந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். "ஒம்பதாவது ஆளு கேட்டாரா?" என்றார். இல்லை சார். "அவருக்குத் தெரியுமா?" தெரியாது சார். "அப்ப விடுங்க நாயகிம்மா. யாரோ ஒரு சீக்காளிக்குத்தானே போகுது, நம்ம வீட்டுக்கா கொண்டுபோறோம்." நியாயமாக வந்தால் அவருக்குத்தானே சார் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "தேதிய மாத்தணும்னா சென்னையில ஒருத்தராலதான் முடியும். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. தவறு எப்படி நடந்துச்சுங்கிறது ரெண்டாவது கட்டம். தவறு செஞ்சவர் பேரு முதல் கட்டம். அறந்தாங்கி ஆபீஸ்ல போன வருஷம் ஒரு பொண்ணு அனுப்புச்சு. மார்ச்சுல அதுக்கு காண்ட்ராக்ட் புதுப்பிக்கல. இப்ப ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டிருக்கு. உங்களுக்கும் மார்ச்சுதானே?" ஆமாம் சார் என்றேன். "நான் அனுப்பாதீங்கன்னு சொல்லல. அனுப்புங்கன்னும் சொல்லல. அஞ்சரைக்குப் பூட்டிருங்க" என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஜவுளிக்கடையில் உட்கார விடமாட்டார்கள், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், இந்தக் காலோடு நான் எங்கே நிற்பேன். நாற்பத்தாறு வயதுக்காரியைச் சேலை எடுத்துப் போடவும் கூப்பிட மாட்டார்கள், வெளியே பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற இடத்தில் நிறுத்துவார்கள். பேசாமல் எழுத்தை மாற்றிவிடு. ரெ-யை அழித்து மா போடு, ஒரு நொடி. கர்சரைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் வைத்தேன், அது துடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் இப்படித்தானே செய்வார்கள், தவறு தவறாகவே இருந்து நல்லது நடந்தால் அதைக் கடவுள் செயல் என்றுதானே சொல்வார்கள், அழகுநாச்சியம்மனே செய்ததாக இருக்கட்டும், அவள் பிள்ளையை அவள் மேலே தூக்கிவிட்டாள். அம்மன் மேல் பழியைப் போட்டுவிட்டால் எனக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது. ஆனால் படுத்திருக்காக என்று அந்தப் பெண் சொன்னதே, அதில் ஒரு பதற்றம்கூட இல்லை, எங்கள் முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்று பட்டியலை நம்பிப் படுத்திருக்கிறார்கள். பட்டியல் என்பது யார். நான்தானே. அடைக்கலத்துக்கு என்ன சொல்வேன், எட்டு என்று நான் சொல்லித்தானே அவன் அப்படி அழுதான். யாராவது வந்து இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா, கரண்ட் போய்விடாதா, சென்னையில் எல்லாம் பழுதாகிவிடாதா. மணி ஐந்து ஐந்து. கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது, முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன். எனக்கு அழுகையும் வரவில்லை, அலுப்பாக இருக்கிறது, அவ்வளவு அலுப்பு, எழுந்து போய்ப் படுத்துவிட்டால் போதும் என்று இருக்கிறது.

ஐந்து எட்டுக்கு அந்தப் படிவத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். இரண்டாவது கட்டத்தில் ஜூன் ஒன்றைப் பற்றி எழுத ஆரம்பித்து, சென்னைக்காரர்களுக்கு இது எங்கே விளங்கும் என்று அழித்துவிட்டு, இரண்டு பேரை ஒருவர் என்று நினைத்துவிட்டேன் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் போனும் பண்ணினேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல், "பாத்துட்டேன் மேம், டூ மினிட்ஸ்" என்றது. செத்தவளின் வரிசையை நான் எடுத்தேன், ஜெகபர் சாதிக் எட்டுக்கு ஏறினார். மா. அழகுநாச்சி பழைய தேதியோடு முப்பதில் வந்து நின்றாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மாற்றிக்கொள்கிற நேரம்தான்.

பிறகு நெடுங்கரைப்பட்டி நம்பரைப் போட்டேன். அடைக்கலம் எடுப்பான், அவன் கத்தட்டும், வாயில் வந்ததைச் சொல்லட்டும், வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். பொம்பளைக் குரல் வந்தது, கிணற்றடியிலிருந்து பேசுவது போல் மெதுவாக. "அவன் வேனு சொல்லப் போயிருக்கான் தாயி. காலையில வெள்ளனா வரணும்ல." அழகுநாச்சி அம்மாவா என்றேன். ஆமா என்றாள். நான் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்கள் ஊர் இன்னொரு அழகுநாச்சியையும் உங்களையும் ஒன்று என்று நினைத்துவிட்டேன், எட்டு உங்களுடையது இல்லை, உங்களுடையது முப்பது, மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவளுக்கு மூச்சு இரைத்தது.

"ரெங்கன் பொண்டாட்டி எடமா அது" என்றாள் பிறகு. "பாவம், அவளுக்கு வந்தும் இல்லாமப் போச்சு."

ஆமாம்மா என்றேன்.

"முப்பதுன்டா எனக்கு எப்ப தாயி வரும்?"

"இடம் காலியாகணும்மா. நாளைக்கு எட்டுப் பேர் ஏறிடுவாங்க. அதுக்கப்புறம் இன்னும் இருபத்திரண்டு இடம் காலியானாத்தான் உங்களுக்கு."

"எப்புடிக் காலியாகும்? அவுகளுக்குக் கொணமாயிருமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு ஒரு தடவை சந்தோஷமாகப் பேசி நாசம் பண்ணினது போதும் என்று இருந்தது.

"கொணமாகாதும்மா."

"அப்ப" என்றாள். எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "என்னைய மாதிரி இருபத்திரெண்டு பேரு சாகணுமா?"

"ஆமாம்மா."

மறுபடியும் மூச்சுச் சத்தம். பின்னால் ஒரு கோழி கத்தியது, யாரோ அதை விரட்டினார்கள்.

"தாயி, ஒண்ணு செய்யி. முப்பதுன்டு அவன்ட்ட நான் சொல்லிக்கிறேன். எப்புடிக் காலியாகுமுன்டு கேட்டான்டா மட்டும் நீ சொல்லிராத. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்காகக் கோயில்ல போயி நிக்கிறவன். தெரிஞ்சுக்கிட்டான்டா அதையே வேண்டிக்கிட்டு நிப்பான்."

சொல்ல மாட்டேன்மா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னேன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஐந்து இருபத்தொன்பதுக்குப் பூட்டினேன்.